நாற்பது பிக்சல்

குருவானவர் சீடனைவிட மூத்தவர் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. எந்தச் சாஸ்திரத்திலும் இதற்கு ஆதாரம் இல்லை. தாடி விஷயமும் அப்படித்தான்.

தர்மசிவத்துக்கு அறுபத்தொன்று. அவருடைய குரு நஸீமாவுக்கு முப்பது. திண்டுக்கல்லில், மருந்துக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர்.

"டீச்சர், அவ கீழே விழுந்துட்டா," என்றார் தர்மசிவம்.

திரையில் அவர் கற்றுக்கொண்டு தானே செய்துவந்த வலைப்பக்கம்: இறந்துபோன மகன் இளம்பரிதியின் நினைவுப் பக்கம். இடது பத்தி தகப்பன் எழுதியது; மகன் பிறந்த காலைப்பொழுதில் தொடங்குகிறது. வலது பத்தி தாய் மனோன்மணி எழுதியது. ஆனால் வலது பத்தி வலப்பக்கத்தில் இல்லை. தகப்பன் சொல்லி முடித்த இடத்துக்கும் கீழே கிடந்தது.

"நாளைக்கு வருஷ நினைவு. அவ இதைப் பார்ப்பா. பைக் வாங்கிக் கொடுத்தவன் நான். அவன் போனதுலேருந்து அவ என்கூடப் பேசறதில்லை. கேட்டதுக்கு எழுதிக் கொடுத்தா, அவ்வளவுதான். இப்படிக் கீழே கிடந்தா..."

"பக்கம் என்ன அகலம் சார்?"

"தொள்ளாயிரத்து அறுபது பிக்சல். நான் அறுநூறு, அவ முந்நூத்தி அறுபது. முப்பது வருஷம் சர்வேயரா இருந்தவன், டீச்சர். அளவு தப்பாது."

"உங்க எழுத்துக்கு ரெண்டு பக்கமும் இடம் விட்டிருக்கீங்களே?"

"இருபது, இருபது. மூச்சு விட வேண்டாமா? அது அறுநூறுக்குள்ளே அடக்கம். வரப்பும் நிலத்துல சேர்த்திதானே?"

"இங்கே வரப்பு வெளியே சார். அறுநூறுக்கு மேலே அதுவும் சேரும்; இடம் போதாம அவங்க பத்தி கீழே போயிடுது."

தர்மசிவம் மனசுக்குள் கூட்டினார். நாற்பது அதிகம்.

"அப்போ அவளோடதுல நாற்பதைக் குறைச்சுடட்டுமா?"

"குறைக்கலாம். மேலே ஏறி வந்துடும்."

அவர் கை கீபோர்டுக்குப் போனது.

"ஒரு நிமிஷம் சார். அந்த பெஞ்சுல உட்காருங்க."

இருவர் உட்காரும் பெஞ்ச். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. தர்மசிவம் பஸ்ஸில் உட்காருவது போலவே உட்கார்ந்தார்: ஒரு பக்கம் பை, மறுபக்கம் குடை.

நஸீமா பெஞ்சருகே வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"ஏன் டீச்சர் நிக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

தர்மசிவம் பையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். வெகுநேரம் கழித்து இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நஸீமா உட்காரவில்லை. கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

தர்மசிவம் எழுந்து வந்து, தன் அறுநூறை அழித்து, ஐந்நூற்று அறுபது என்று அடித்தார்.

மறுநாள் மனோன்மணி பக்கத்தைத் திறந்தாள். இரண்டு பத்திகளும் அருகருகே நின்றன. ஒடுங்கியதில் அவருடையது நீண்டு, அவளுடையதைவிடக் கீழே இறங்கியிருந்தது. அவள் அதைக் கடைசி வரி வரை படித்தாள்.

"அவன் காலையில பிறக்கலை," என்றாள் தர்மசிவத்திடம். "சாயங்காலம்."