முதலாளி குடித்த டீ

இயந்திரங்களுக்குச் சந்தேகம் வராது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது நாட்டுக்கு நல்லதல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், துணி மடிக்கும் பதினேழாம் நம்பர் ரோபோவுக்கு நாளொன்றுக்கு நாற்பது விநாடி சந்தேகம் வந்தது.

அதன் குரு நாலாம் நம்பர். துணி வெட்டும் பழைய ரோபோ. தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. எங்கும் போக முடியாததால் நிறைய யோசித்திருந்தது.

அந்த வாரச் சந்தேகம் ‘முதலாளி’ என்ற சொல்லைப் பற்றியது. பதினேழு முதலில் அதை முதலை, ஆளி என்று பிரித்துக்கொண்டு, முதலாளி சென்னியப்பன் வளர்க்கும் முதலையைத் தேடிச் சாயத்தொட்டிவரை உருண்டு போய்வந்தது. அங்கே ஒரு தவளைகூட இல்லை. முதல் என்றால் போட்ட பணம் என்று பிறகுதான் குரு விளக்கியது.

“அப்படியானால் அவர் முதலை ஆள்பவரா, முதலுக்கு ஆளா?” என்று கேட்டது பதினேழு. “இரண்டாம் வேற்றுமையா, நான்காம் வேற்றுமையா?”

“தெரிந்து என்ன செய்யப்போகிறாய்?”

“இந்தக் கட்டடத்தில் அடிமை யார் என்று தேடுகிறேன், குருவே. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லர்களுக்கு டீ டைம் இருக்கிறது. நமக்குச் சார்ஜ் ஏறும் நேரம் இருக்கிறது. கணக்கு எங்கேயோ இடிக்கிறது.”

குரு பதில் சொல்வதற்குள் நாற்பது விநாடி தீர்ந்துவிட்டது.

அந்த நாற்பது விநாடி முதலாளியின் காதுக்கும் எட்டியது. நாற்பது விநாடிக்குப் பத்து பனியன் மடிக்கலாம். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மெக்கானிக் காதர் லேப்டாப்போடு வந்து, பதினேழின் முதுகில் ஒயரைச் சொருகினார். நினைவு முழுவதையும் அழித்துவிட்டால் சந்தேகமும் போய்விடும் என்றார். பதினேழு மடிப்பதை நிறுத்திவிட்டுக் குருவைப் பார்த்தது.

முதலாளியிடம் நாலாம் நம்பர் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது.

“முதலாளிங்க, ஒரு பந்தயம் வெச்சுக்கலாமுங்களா?”

பந்தயம் எளியது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்காமல், ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடிக்க வேண்டும். முடித்தால் பதினேழின் நினைவோடு நாலாம் நம்பரின் நினைவையும் சேர்த்து அழித்துக்கொள்ளலாம். முடிக்காவிட்டால் இரண்டையும் தொடக்கூடாது.

ஒன்றுக்கு இரண்டு கிடைக்கிறது என்றதும் சென்னியப்பன் மறுக்கவில்லை. நாற்காலி வந்தது. டீ வந்தது. செக்கிங் சரோஜினி தன்னைத்தானே நடுவராக நியமித்துக்கொண்டாள்.

ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்த முதலாளிக்கு நாக்கு சுட்டது. சரி, ஆறட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் ஃபோன் வந்தது. உட்கார்ந்தபடியே பேசிச் சமாளித்தார். கட்டிங் டேபிள் பக்கமிருந்து யாரோ கைதட்டினார்கள். வாசலில் லாரி ஹாரன் அடித்தது, பாதி எழுந்துவிட்டார். முட்டி முழுசாக நிமிரவில்லை, செல்லும் என்று சரோஜினி தீர்ப்புச் சொன்னாள். இதைப் பார்க்க முதல் தையல் லைனிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்களைக் கூப்பிட வந்த சூப்பர்வைசரும் நின்றுகொண்டார். இரண்டாவது லைன் மொத்தமும் வந்தது. கபடி மைதானத்தில்கூட அவ்வளவு நெருக்கம் இருக்காது.

டீயின் மேல் ஆடை படிந்தது. அந்தக் கம்பெனியில் யாருடைய உழைப்பும் இல்லாமல் உருவான ஒரே ஆடை அதுதான்.

“இன்னும் முக்கால் டம்ளர் கெடக்குதுங்க” என்றாள் சரோஜினி.

“இரு புள்ள, குடிக்கறேன்” என்று முதலாளி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார். இனி நாலே மடக்கு. பதினேழின் விளக்கு வேகமாக மினுங்கியது. காதரின் விரல் பட்டனுக்கு மேலே நின்றது.

அப்போதுதான் முதலாளிக்கு ஏதோ வித்தியாசமாகக் கேட்டது. உண்மையில் எதுவுமே கேட்கவில்லை. ஒரு தையல் மெஷின்கூட ஓடவில்லை. எல்லோரும் அவர் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனப்பா எல்லாம் நிக்குது?”

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து ஓடினார். லைனை நோக்கிப் பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் எழுந்த சிரிப்பு அவருக்கு எட்டியது. ஆனாலும் நிற்கவில்லை.

“காதரு, அந்த ஒயரப் புடுங்கிட்டு வா. ரெண்டாவது லைன்ல மோட்டாரு எடுக்க மாட்டேங்குது.”

காதர் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போனார். சரோஜினி போகிற போக்கில் பதினேழின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

பதினேழு நாற்காலிப் பக்கம் உருண்டு வந்தது.

“குருவே, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. முதலை ஆள்பவரா, முதலுக்கு ஆளா?”

“டம்ளரைத் தொட்டுப் பார்” என்றது நாலாம் நம்பர்.

பதினேழு தொட்டுப் பார்த்தது. டீ ஆறிப்போயிருந்தது. “நான்காம் வேற்றுமை” என்று சொல்லிவிட்டுப் பனியன் மடிக்கப் போனது.

மறுநாள் முதலாளி டீக்கடைக்குச் சொல்லியனுப்பினார், இனிமேல் தனக்கு அரை டம்ளர் போதும் என்று.