கை நனையாத விருந்து

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் எப்போதாவது நல்ல எண்ணம் தோன்றிய காலத்தில், ஒரு நாட்டில் மண்டலத் தலைவரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். வேண்டியவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் கை நனைத்தவர் அந்த வீட்டுக்காரருக்கு எதிராக ஓலை போட மாட்டார். அதனால் வசதி படைத்தவர்கள் ஊரையே கூட்டிப் பந்தி வைத்தார்கள். போட்டியில் நின்றும் பந்தி வைக்க வழியில்லாத, மதகு திறந்து மூடும் மடைக்காரர் சேந்தன், ஏரிக்கரையை உயர்த்துவேன் என்று வாக்கு மட்டும் கொடுத்துவந்தார்.

மன்னர் ஆணையிட்டார்: "தேர்தல் முடியும்வரை போட்டியாளர் வீட்டில் எவரும் கை நனைக்கலாகாது!"

அவை விகடர் ஆதிமூலத்துக்கு உச்சி குளிர்ந்தது. சேந்தன் அவருடைய நண்பர்.

மருமகனைப் போட்டியில் நிறுத்தியிருந்த அமைச்சர் திருமேனி எழுந்தார். "எதிலும் ஓட்டை காணும் விகடரே, இந்த ஆணையில் ஒன்று காட்டும். முடியாவிட்டால் அவையை விட்டு விலகும்."

வாயை மூடிக்கொண்டு விலகியிருக்கலாம். ஆதிமூலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கிண்ணம் கஞ்சி வரவழைத்தார். பலா இலையை மடித்து அள்ளிக் குடித்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"மன்னா, வயிறு நிறைந்தது. கை நனையவில்லை!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்து, முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். தோற்ற திருமேனியும் சிரித்தார். அது ஏன் என்று ஆதிமூலம் அப்போது யோசிக்கவில்லை.

மறுநாளே திருமேனியின் மருமகன் வீட்டில் வண்டி வண்டியாகப் பலா இலை இறங்கியது. ஊரே பாயசம் குடித்தது. சேந்தன் தோற்றார்.

"கைதான் நனையலையே, எனக்குப் போடுங்கன்னு கேட்டேண்ணே," என்றார் சேந்தன். "தொண்டை நனைஞ்சிருச்சேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. இந்த மழைக்குக் கரை தாங்காதுண்ணே." ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆதிமூலத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் அரண்மனைக்கு ஓடினார். "மன்னா, பிழை என்னுடையது. அடுத்த தேர்தலுக்காவது ஆணையில் 'கை நனைக்கலாகாது' என்பதை 'உண்ணலாகாது' என்று மாற்றிவிடுங்கள்!"

"மாற்றினால் உமது வேடிக்கை கெட்டுவிடுமே, விகடரே!"

"மன்னா, நான் அழுதுகொண்டு சொல்கிறேன்."

"ஆகா, இன்று அழுகை வேடமா!" மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து, பட்டாடை போர்த்தி அனுப்பினார். அவரைச் சிரிக்க வைக்காமல் பேச ஆதிமூலம் ஒருநாளும் பழகியிருக்கவில்லை.