படத்துக்குப் பூசிய பச்சை

ஒரு ஆடி மாதத்தில், கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய லேத் ஒன்று விற்பனைக்கு நின்றது. இரும்புக் கம்பியைச் சுழலவிட்டு, கடைந்து, வேண்டிய கனத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. வேலையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டறைக்காரர் நாச்சிமுத்து, கம்ப்யூட்டரில் ஓடும் புது மெஷின் ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டார். பட்டறையோ சின்னது. புதியது உள்ளே வர வேண்டுமென்றால் பழையது வெளியே போக வேண்டும்.

ஆடியில் புதுப்பொருள் எதுவும் பட்டறைக்குள் நுழையாது. அந்த வழக்கத்தால் லேத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் புதியது வந்து இறங்கும். அதற்குள் யாரும் வாங்காவிட்டால் பழைய இரும்புக்காரர் வருவார். அவர் மெஷினாக வாங்க மாட்டார். கேஸ் கட்டரால் அறுத்து, துண்டு துண்டாக எடைக்கு எடுத்துப்போவார். நாச்சிமுத்து அவரிடம் போனில் பேசியதை லேத் காதாரக் கேட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட அதற்கு ஆவல் அதிகம். யாராவது வாங்கினால், அது யார்? எந்த ஊர்? அங்கே என்ன கடையச் சொல்வார்கள்?

பழைய சாமான் விற்கும் இணையதளங்களை நாச்சிமுத்து போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதில் எல்லா மெஷினும் கல்யாண மாப்பிள்ளை போல மினுமினுத்தது. உடனே, வீட்டு கேட்டுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவரை அழைத்துவந்து, ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

“படத்துல பளபளன்னு தெரியோணும்ங்க.”

பெயின்ட்காரர் சொன்னதைச் செய்தார். அசையாத இடம் எதையும் அவர் பச்சை பூசாமல் விட்டுவைக்கவில்லை. காய்ந்ததும் நாச்சிமுத்து கதவை அகலத் திறந்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, விளம்பரத்தில் ஏற்றினார்.

பெயின்ட் அன்றைக்கே அதிகாரம் செய்ய ஆரம்பித்தது. “இனிமேல் நீ பழசு இல்லை. உன்னைப் பார்ப்பவர்கள் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். அதனால் கொஞ்சம் அடங்கி நில்” என்றது.

“எனக்கு என்னவோ தொண்டையை அடைக்கிற மாதிரி இருக்கிறது” என்றது லேத்.

“அழகு என்றால் கொஞ்சம் அடைக்கத்தான் செய்யும்.”

பலகையில் உட்கார்ந்திருந்த ஆயில் கேன் இதைக் கேட்டுத் தன் நீண்ட மூக்கைச் சுளித்தது. தினமும் காலையில் லேத்தின் தலைப்பக்கம் உள்ள துளையில் எண்ணெய் விடுவது அதன் வேலை. பெயின்ட் அடித்ததிலிருந்து லேத்தை யாரும் ஓட்டவில்லை. ஓட்டினால் அழுக்காகிவிடும் என்று நாச்சிமுத்து பயந்தார். ஆகவே ஆயில் கேனுக்கும் வேலை போய்விட்டது.

படத்துக்கு மட்டும் ஓயாத வேலை. பகலெல்லாம் ஊர் ஊராக, போன் போனாகச் சுற்றிவிட்டு, சாயங்காலம் நாச்சிமுத்து பலகையில் போனை வைத்ததும் வந்து சேரும். லேத் அதற்காகவே காத்திருக்கும்.

“இன்றைக்கு யார் பார்த்தார்கள்?”

“யார் பார்க்கவில்லை என்று கேள். ஓசூரில் பார்த்தார்கள், சிவகாசியில் பார்த்தார்கள், துபாயிலிருந்துகூட ஒருவர் பார்த்தார்.”

“என்னைப் பற்றி என்ன கேட்டார்கள்?”

“இருக்கா என்று கேட்டார்கள்.”

“அப்புறம்?”

“இருக்கு என்று நாச்சிமுத்து சொன்னார். அப்புறம் அவர்களைக் காணோம்.”

கேட்டவர்கள் பலவிதம். வணக்கம் சொல்வதற்கு முன்பே கடைசி விலை கேட்டவர்கள் உண்டு. பழைய டெம்போவுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஒருவர் கேட்டார். இதில் மிளகாய்த்தூள் அரைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். நாச்சிமுத்து பொறுமையாக எல்லாருக்கும் பதில் போட்டார். உண்மையிலேயே வாங்கக்கூடிய நாலைந்து பேர் மட்டும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஆடி கழியட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆடி முடியாமல் புது மெஷினைத் தொடமாட்டேன் என்று இருந்தவரே இந்த நாச்சிமுத்துதான். ஆனால் அதே ஆடியில் அடுத்தவன் வந்து தன் மெஷினை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று எதிர்பார்த்தார். தனக்கு ஒரு பஞ்சாங்கம், ஊருக்கு ஒரு பஞ்சாங்கம் வைத்துக்கொள்கிற ஆள் அவர் மட்டும் இல்லை. அதனால் அவரை ரொம்பவும் கேலி செய்ய வேண்டாம்.

“இத்தனை பேர் பார்த்தும் ஒருத்தர்கூட நேரில் வரவில்லையே” என்றது லேத்.

“நேரில் வந்து என்ன பார்க்கப்போகிறார்கள்? என்னைப் பார்த்தாலே போதாதா?” என்றது படம்.

“பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை” என்று ஆயில் கேன் முணுமுணுத்தது. படம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆடி கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை, பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு அம்மாள் இறங்கினார். பெயர் தெக்லா. தூத்துக்குடியில், கடற்கரைக்குப் பக்கத்தில், மீன்பிடி விசைப்படகுகளுக்கு ரிப்பேர் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். கையில் சாக்குத்துணி சுற்றிய ஒரு கம்பி இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு நம்ப முடியவில்லை. உட்காரச் சொல்லி, டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏனுங்கம்மணி, ஆடி மாசமாச்சுங்களே. பரவாயில்லீங்களா?”

“சர்ச்சுக்குப் போற எங்களுக்கு அது கிடையாதுல்லா அண்ணாச்சி. போக, ஆடிக்காத்துலதான் படகு தண்டெல்லாம் முறியும். முறிஞ்ச அன்னைக்கே கடைஞ்சு போட்டாத்தான் மறுநாள் கடலுக்குப் போவாக. ஆவணி வரைக்கும் காத்துக்கிட்டா கெடக்க முடியும்?”

படகின் விசிறியைச் சுழற்றும் கம்பிக்குத்தான் தண்டு என்று பெயர். அந்த வார்த்தையைக் கேட்டதும் லேத்துக்கு உள்ளுக்குள் சிலிர்த்தது. இதுவரை அது பம்புக்கும் மோட்டாருக்கும்தான் கடைந்திருக்கிறது. கடல் எப்படி இருக்கும் என்று ஆயில் கேனிடம் கேட்டது. ஆயில் கேனுக்கும் தெரியவில்லை. தண்ணீர் என்று கேள்வி, நமக்கு ஆகாத சங்கதி என்று மட்டும் சொன்னது.

தெக்லா லேத்தைச் சுற்றிவந்தார். பச்சையை அவர் பாராட்டவே இல்லை. பெயின்ட்டுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் சாக்கைப் பிரித்து, முறிந்த தண்டிலிருந்து அறுத்தெடுத்த துண்டை நீட்டினார். படத்தை நம்பி வரவில்லை, இதைக் கடைந்து பார்க்கத்தான் வந்தேன் என்றார்.

நாச்சிமுத்து துண்டைப் பூட்டி, ஸ்விட்சைத் தட்டினார்.

லேத் சுழன்றது. எத்தனையோ நாள் கழித்துச் சுழல்கிற சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு தலைக்குள் இரும்பு இரும்பை உரசியது. சூடு ஏறியது. மனிதர்களிடம் பேச லேத்துக்குச் சத்தத்தைத் தவிர வேறு மொழி இல்லை. அந்த மொழியில் அது அலறியது.

“வாயை மூடு. அந்த அம்மா ஓடிவிடப்போகிறார்” என்று பெயின்ட் அதட்டியது.

“என்னால் முடியவில்லை.”

தெக்லா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். “அண்ணாச்சி, இது கத்துதே” என்றார்.

“கொஞ்ச நாளா ஓட்டலீங்க, அதானுங்க” என்று சொல்லிக்கொண்டே நாச்சிமுத்து, பார்க்காமலே கையை நீட்டி ஆயில் கேனை எடுத்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை நேராகத் துளை இருந்த இடத்துக்குப் போனது. எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. பச்சையின் மேல் வழுக்கி, வழிந்து, தரையில் சொட்டியது.

அவர் மோட்டாரை நிறுத்தினார். விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. துளையையே காணோம்.

இந்த இடத்தில் அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பெல்ட் சரியில்லை என்றோ, கரண்ட் குறைவு என்றோ சொல்லியிருக்கலாம். லேத் அவர் முகத்தையே பார்த்தது. அதன் ஆயுசு அப்போது அந்த முகத்தில்தான் இருந்தது. தெக்லா திரும்பிப் போய்விட்டால், ஆவணிக்குள் வேறு யாரும் வரப்போவதில்லை.

நாச்சிமுத்து தெக்லாவின் பக்கம் திரும்பினார்.

“தப்பு என்னுதுங்கம்மணி. படத்துக்கு அழகு பண்றேன்னு இதோட வாயை அடைச்சுப்போட்டேனுங்க.”

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுரண்டினார். சுரண்டுவதில் கோபமும் வெட்கமும் கலந்திருந்தன. பச்சை உரிந்தது. அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. அதற்கும் அடியில் நீலம். தெக்லாவுக்குப் போக மனம் வரவில்லை. குனிந்து பார்த்தார். அவரும் கொஞ்சம் ஆவல் பிடித்த ஆள்தான்.

“இதுக்கு முன்னாடியும் வித்திருக்காக, என்ன?”

நாச்சிமுத்து தலையாட்டினார். அவர் வாங்கும்போது லேத் சாம்பல் நிறத்தில் இருந்தது. நீலம் யாருடைய காலத்தில் பூசியதோ, அவருக்கே தெரியாது. லேத்துக்குமே மறந்துபோயிருந்தது.

தெக்லா விரலை வைத்துக் காட்டினார். துளையைச் சுற்றி நீலமும் சாம்பலும் அழகான வட்டமாக நின்றிருந்தன. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. முன்பு விற்றவர்கள், பெயின்ட் ஒட்டாமல் இருக்கத் துளையில் கிரீஸை அப்பிவிட்டு, பிறகு பூசியிருக்கிறார்கள்.

“அவுகளும் விக்கத்தான் பூசியிருக்காக. ஆனா வாங்குனவன் ஓட்டணுமேன்னு நெனைச்சிருக்காக” என்றார்.

நாச்சிமுத்து துளைக்குள் இருந்த பச்சையையும் சுரண்டி எடுத்தார். துளை திறந்ததும், அடைத்திருந்த செதிலை ஊதித் தள்ளிவிட்டு, ஆயில் கேனை மெதுவாகச் சாய்த்தார்.

“வந்துவிட்டேன்” என்றது ஆயில் கேன். அவ்வளவு நாள் பேசிய கிண்டலெல்லாம் அதன் குரலில் இல்லை.

கொஞ்ச நேரம் விட்டு, சூடு தணிந்ததும், மறுபடி ஸ்விட்சைத் தட்டினார். முதலில் ஒரு முனகல். பிறகு அதுவும் அடங்கி, ஒரே சீரான சத்தம். தண்டுத் துண்டின் மேல் உளி பட்டதும் இரும்புச் சுருள் நீளமாக, அறுபடாமல் வந்து விழுந்தது. தெக்லா அதைக் குனிந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சேலை முந்தானையில் கை துடைத்துக்கொண்டார்.

“லாரிக்குச் சொல்லுங்க அண்ணாச்சி.”

பேரம் நடந்தது. துளை அடைபட்டதற்காக அவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். நாச்சிமுத்து மறுப்பு சொல்லவில்லை. மறுநாள் லேத் லாரியில் ஏறியபோது அவர் உள்ளே ஓடிப்போய் ஆயில் கேனை எடுத்துவந்து, இதுவும் அதோடு போகட்டும் என்று கொடுத்தார். புது மெஷினுக்கு எண்ணெய் விட அதற்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறதாம்.

தூத்துக்குடியில் உப்புக்காற்று பச்சையை விட்டுவைக்கவில்லை. முதல் மழைக்குள் அது செதில் செதிலாக உதிர்ந்தது. லேத்துக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. படகுத் தண்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் கடையும்போது அது எவ்வளவு தூரம் போய்வந்தது, என்ன பார்த்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொன்னது.

விளம்பரத்தை நீக்க மட்டும் நாச்சிமுத்து மறந்துவிட்டார். ஆடி கழிந்தது. ஆடி கழியட்டும் என்று சொல்லியிருந்தவர்களெல்லாம் ஒரே நேரத்தில் விளம்பரத்துக்கு வந்து இருக்கா, இருக்கா என்று கேட்டார்கள். புது மெஷினிலேயே மூழ்கியிருந்த நாச்சிமுத்து பதில் போடவில்லை. படம் பச்சை மங்காமல், அதே வெளிச்சத்தில், அப்படியே நின்றது. சாயங்காலம் பலகைக்கு வந்தால், இன்றைக்கு யார் பார்த்தார்கள் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. புது மெஷின் எதையும் கேட்கிற சுபாவம் கொண்டதல்ல.

அப்போதுதான் படத்துக்கு முதன்முதலாக ஒரு கேள்வி தோன்றியது. யாரோ ஒருவர் தன் போனில் அதைப் பார்த்து இருக்கா என்று கேட்டபோது, அது பதிலுக்குக் கேட்டது.

“நான் யாருடைய படம்?”