தாண்டவராயனின் மின்மினி விளையாட்டு

புலியருவிக் காட்டின் பொதுக் களஞ்சியத்துக்குக் காவல் செல்லாத்தாள் என்ற அணில். அந்தக் காட்டில் அடைமழை பிடித்தால் இரண்டு மாதம் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. அதற்காகத் தை மாதம் தொட்டே ஒவ்வொரு குடும்பமும் தினையும் மூங்கிலரிசியும் காய்ந்த நெல்லியும் கொண்டுவந்து அந்தப் பாறைக் களஞ்சியத்தில் கொட்டும். செல்லாத்தாளுக்குத் தெரியாமல் ஒரு மணி வெளியே போகாது. யானைக்கே இல்லை என்று சொல்லி அனுப்பியவள் அவள்!

அவளுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அதன் பெயர் தாண்டவராயன்.

தாண்டவராயன் ஒரு கருங்குரங்கு. அக்கரையிலிருக்கும் மூங்கில்பள்ளக் காட்டோடு வருடா வருடம் நடக்கும் தாவல் போட்டியில் ஆறு வருடம் தொடர்ந்து ஜெயித்துக் கொடுத்தவன். கடைசி வருடம் வெள்ளம் புரண்டு ஓடிய ஆற்றை ஒரே தாவலில் தாண்டி அக்கரையில் போய் நின்றானே, அப்போது செல்லாத்தாள் அழுதே விட்டாள். அவள் மட்டுமா? தலைவர் காட்டெருமையே மூக்கை உறிஞ்சினார். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் பிறந்த குட்டிக்கெல்லாம் தாண்டவராயன் என்றுதான் பெயர். ஓர் ஆமைக்குஞ்சுக்குக்கூட அந்தப் பெயரை வைத்தார்கள்!

போட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தாண்டவராயன் ஒரு நாள் காட்டுச் சபையின் முன்னால் வந்து நின்றான். அவன் சொன்னதைக் கேட்டுச் சபை வாய் பிளந்தது. குகைச் சுவரில் தூக்கணாங்குருவிகள் நாரால் ஒரு பெரிய திரை பின்னும். அதில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் உட்கார்ந்து மானாகவும் புலியாகவும் அருவியாகவும் மினுக்கும். எதிரில் உட்கார்ந்து ஒரு கல்லை ஒரு தட்டுத் தட்டினால் ஒளிமான் தாவும். இரண்டு தட்டினால் ஓடும். உட்கார்ந்த இடத்திலேயே ஏழு காடுகளைச் சுற்றி வரலாம்! அக்கரைக்காரர்களெல்லாம் கூடை கூடையாகத் தானியம் கொண்டுவந்து கொடுத்து விளையாடுவார்கள்.

"வேலை செய்யறவங்களுக்குச் சோறு மட்டும் காடு போடட்டும். மழைக்கு முன்னால ஒண்ணுக்கு மூணாத் திருப்பிக் கொட்டீர்றேன்" என்றான் தாண்டவராயன்.

எறும்புத்தின்னி மட்டும், விளையாடுவது வேறு, விளையாட்டைக் கட்டுவது வேறு இல்லையா என்று இழுத்தது. அக்கரைக்கு ஒற்று வேலை பார்க்கிறாயா என்று எல்லோரும் அதை ஏசி உட்கார வைத்தார்கள். ஏசியவர்களில் செல்லாத்தாளும் ஒருத்தி.

களஞ்சியத்தைத் திறக்குமுன் "யார் வாய்க்கு?" என்று காவலாள் மூன்று முறை கேட்க வேண்டும். அது அந்தக் காட்டு வழக்கம். அன்று செல்லாத்தாள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. வாசலை மூடிய கல்லை நகர்த்திவிட்டு, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து, தாண்டவராயன் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைப் புருஷனிடம் நாலு தடவை சொன்னாள்.

வேலை தொடங்கியது. அக்கரையிலிருந்து முந்நூறு தூக்கணாங்குருவிகள் குஞ்சு குளுவானோடு குடி வந்தன. கூட்டுக்குள் மின்மினியை விளக்காக ஒட்டிவைக்கும் குருவிகள் அல்லவா, திரை மளமளவென்று வளர்ந்தது. வைகாசி பிறந்தது. மின்மினிகளும் அக்கரையிலிருந்து வந்து குவிந்தன. பத்தே நாளில் ஒரு சின்ன விளையாட்டு தயாரானது. ஓர் ஒளித்தவளை, இலைக்கு இலை தாவிக் குளத்தைக் கடக்க வேண்டும்.

முதல் ஆட்டம் செல்லாத்தாளுக்கு. கல்லைத் தட்டினாள். தவளை தாவியது! மறுபடி தட்டினாள். இலை நழுவியது, தவளை தொப்பென்று விழுந்தது, நூறு மின்மினிகள் நீர்த்துளியாகச் சிதறிப் பறந்தன. குகை அதிரக் கூட்டம் சிரித்தது. செல்லாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை வலிக்க வலிக்கத் தட்டினாள். பின்னால் வரிசை அருவிக்கரை வரைக்கும் நீண்டுவிட்டது. கரடி தன் முறை வருமுன்னே தரையைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தது.

செல்லாத்தாள் ஓடிப்போய்த் தாண்டவராயன் முன் நின்றாள். "அண்ணா, இதையே நாளைக்குத் தொறந்துரலாமுங்க. ஆளுக்கு ஒரு புடி தினை குடுத்தாக்கூடப் பாதிக் களஞ்சியம் ரொம்பீரும்."

"தவளையா? ஆத்தையே தாண்டுனவன் அம்மிணி நான். எம்பேர்ல ஒரு தவளை குதிச்சா ஊர் சிரிக்காதா? ஏழு காடும் முடியட்டும். ஒரே தாவல்!"

அந்த 'ஒரே தாவல்' என்ற சொல்லில் அவள் மறுபடி மயங்கிப்போனாள்.

குருவிகளின் தலைவன் இழையப்பன் மூன்று நாளாகத் தாண்டவராயனைப் பார்க்கக் காத்துக் கிடந்தான். போகும்போதெல்லாம் தாண்டவராயன் ரசிகர்கள் நடுவில் உட்கார்ந்து வெள்ளத்தைத் தாண்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் இழையப்பன் செல்லாத்தாளிடம் வந்தான். "மின்மினி மினுக்கறது ரெண்டு மூணு வாரந்தானுங்க அம்மிணி. மழை எறங்குனா ஒண்ணுகூட மிஞ்சாது. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான்.

செல்லாத்தாளுக்கும் அது உறைத்தது. ஆனால் இவ்வளவு பெரிய ஆளுக்கு இது தெரியாமலா இருக்கும், நாம் போய்ச் சொல்வதா என்று கூசி, வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரம் மேலும் முப்பது கூடை வெளியே போனது. பிறகு இருபது. பிறகு கூடை களஞ்சியத் தரையில் உரசியது.

நாலு காடு முடிந்திருந்தது. ஐந்தாவது காட்டின் புலிக்கு மீசை வைத்துக்கொண்டிருந்த மாலையில் மேற்கே இடி இடித்தது. முதலில் மானின் வால் அணைந்தது. பிறகு அருவி பாதியில் நின்றது. புலியின் முகம் ஒரு பக்கமாக இருண்டது. மின்மினிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன.

"மினுக்குங்க! யாரு நிறுத்தச் சொன்னது?" என்று தாண்டவராயன் கத்தினான். கத்தி முடிப்பதற்குள் சுவரில் வெறும் நார்தான் மிஞ்சியது.

இன்னும் பத்துக் கூடை கொடுத்திருந்தால் முடித்திருப்பேன், இந்தக் காடு என்னைக் கைவிட்டுவிட்டது என்று சபையைத் திட்டிவிட்டு, அவன் விறுவிறுவென்று மரமேறிப் போனான்.

அடைமழை பிடித்தது. எல்லோரும் நனைந்துகொண்டு களஞ்சியத்துக்கு வந்தார்கள். செல்லாத்தாள் கல்லை நகர்த்திக் காட்டினாள். மூலையில் நாலு நெல்லிக்காய் கிடந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. முயல்குட்டி ஒன்று, எப்போது சோறு போடுவார்கள் என்று தன் அம்மாவைக் கேட்டது. அதைக் கேட்டு அவள் அங்கேயே அழுதாள்.

அழுது என்ன ஆகும்? ஆற்றுக்கு மேல் தொங்கிய கொடியைப் பிடித்து, கொட்டும் மழையில் அக்கரை போனாள். மூங்கில்பள்ளத்துக் காவல்காரர் முள்ளம்பன்றியிடம் காலில் விழுந்தாவது தானியம் கேட்பது என்று போனால், அங்கே களஞ்சியத்தின் முன் மழையையும் பொருட்படுத்தாமல் பெருங்கூட்டம். பாறையின்மேல் தாண்டவராயன்! களஞ்சியத்தைத் திறக்க முள்ளம்பன்றி ஏற்கெனவே கல்லில் கை வைத்துவிட்டார்.

"இந்தத் தடவ எட்டுக் காடு!" என்று முழங்கினான் தாண்டவராயன். கூட்டம் ஆரவாரித்தது.

இங்கே வாயைத் திறந்தால் இந்தக் கூட்டம் தன்னைக் கல்லால் அடித்து விரட்டினாலும் விரட்டும், வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும் என்று செல்லாத்தாளுக்குத் தெரிந்தது. இருந்தும் பாறைமேல் ஏறினாள்.

"அண்ணா, ஒரே ஒரு கேள்விங்க. மின்மினி எத்தன நாளைக்கு மினுக்கும்?"

தாண்டவராயன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும், அம்மிணி!"

ஆரவாரம் பாதியில் நின்றது. அது மூங்கில் காடு. வைகாசியில் மினுக்கி ஆனியில் உதிரும் மின்மினியைப் பார்த்து வளராத குஞ்சு அங்கே கிடையாது. முன்வரிசையில் ஒரு கீரிக்குட்டி களுக்கென்று சிரித்தது. முள்ளம்பன்றி கல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று அவர் செல்லாத்தாளைக் கேட்டார்.

"முன்னயே தெரியுமுங்க. கேக்க வெக்கப்பட்டுட்டு இருந்துட்டேன். அதுக்குள்ள களஞ்சியம் தீந்துபோச்சுங்க."

நடந்ததையெல்லாம் கேட்ட முள்ளம்பன்றி, தங்களுக்கு மிஞ்சியதில் இருபது கூடை கொடுத்தனுப்பினார். அதை வைத்துக்கொண்டு புலியருவிக் காடும் வந்து சேர்ந்த குருவிகளும் அந்த மழைக்காலத்தை அரைவயிற்றோடு கடத்தினார்கள். செல்லாத்தாள் தினமும் எல்லோருக்கும் பங்கு வைத்த பிறகு, கடைசியாகச் சாப்பிட்டாள்.

தாவத் தெரிந்தவனுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டலாம். ஆனால் ஊரார் சோற்றை அவன் கையில் கொடுக்குமுன், எடுத்துக்கொண்ட வேலை அவனுக்குத் தெரியுமா என்று வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும்.