பத்து நிமிஷ நடை

ரயிலடியிலிருந்து கடைவீதிக்கு வேலையாட்களை ஏற்றிவர வேன் விடலாம், செலவை எல்லாக் கடைக்காரர்களும் பகிர்ந்துகொள்ளலாம் என்று வியாபாரிகள் சங்கத்தில் பேச்சு வந்தது. தலைவர் கோமதிநாயகம் மட்டும் முடியாது என்றார். கூட்டம் நடந்ததே அவருடைய ஜவுளிக்கடை மாடியில்தான்.

"பத்து நிமிஷ நடைக்கு வேன் எதுக்கு? பிந்தி வந்தா அரைநாள் சம்பளத்தைப் பிடிப்பேன், அவ்வளவுதான்."

அங்கே காபி கொடுத்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் பேச்சித்தாய் பணிவாகச் சொன்னாள்: "உண்மைதான் முதலாளி. எங்களுக்குத்தான் நடக்கத் தெரியல. நாளைக்கு நீங்க முன்னால நடந்து காட்டுங்க, பார்த்துக் கத்துக்கிடுதோம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் மறுப்பது எப்படி? தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார்.

மறுநாள் காலை ரயிலடியிலிருந்து அவர் முன்னே நடந்தார். அவர் கடைப் பெண்கள் நாற்பது பேரும் பின்னே வந்தார்கள். அவர் ரயில்வே கேட்டில் நின்றார், இளநீர்க் கடையில் உட்கார்ந்தார், வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கினார். முதலாளியை முந்துவது மரியாதையில்லை என்று ஒருத்தியும் முந்தவில்லை. ஒருவழியாகக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, கல்யாண ஜவுளி எடுக்க வந்த கூட்டம் காத்திருந்து அலுத்து எதிர்க்கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே வேன் விடும் தீர்மானத்தில் முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

"எப்படி அண்ணாச்சி மனசு மாறினீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"பெண்கள் நலன்தான்வே முக்கியம்," என்றார் கோமதிநாயகம். மேசைக்கடியில் அவருடைய கால்கள் இரண்டும் வெந்நீர் வாளிக்குள் இருந்தன.