பசித்த கூடை

முன்பு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், எப்போதும் பசியோடிருந்த ஒரு குப்பைக்கூடை இருந்தது. பச்சை நிறக் கூடை. கீழே பெடலை மிதித்தால் மூடி திறக்கும்.

அந்த வீட்டில் அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகிவிடும். முள்ளங்கி இலை பொரியலாகிவிடும். பிழிந்த எலுமிச்சை மூடிகள் குக்கர் தேய்க்கப் போகும். டீத்தூள் சக்கை பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு. கிழிந்த லுங்கி அடுப்படித் துணியாகும். வீட்டுக்காரி தமயந்தி எதைக் கையில் எடுத்தாலும் ஒரு கணம் திருப்பிப் பார்ப்பாள். அந்த ஒரு கணம் கூடை நம்பிக்கையோடு காத்திருக்கும். பிறகு அவள் கை வேறு பக்கம் போய்விடும்.

அதற்குக் கிடைத்ததெல்லாம் வீடு பெருக்கிய தூசியும், அவள் கணவன் குணசீலன் விழுங்கி முடித்த மாத்திரைகளின் காலி அட்டைகளும்தான்.

காலையில் குப்பை வண்டிக்காக எல்லா வீட்டுக் கூடைகளும் வாசலுக்கு வரும். எதிர்வீட்டு ரேணுகாவின் நீலக் கூடை வாய் பிதுங்க வந்து உட்காரும்.

"என்னப்பா, இன்னிக்கும் விரதமா?" என்று அது கேட்கும்.

பச்சைக் கூடை படிக்கட்டுப் பக்கம் பார்க்கும்.

"எனக்கு நேத்து ராத்திரி அரைப் பரோட்டா, பாதி கடிச்ச கோழிக்கால், ஒரு சட்டி சாம்பார். ஏப்பம் தாங்கல. உனக்கு?"

"அட்டை."

"மறுபடியும் மாத்திரை அட்டையா? மருந்தைத் தின்னே உயிர் வாழற ஒரே ஆள் நீதான்யா!"

குப்பை எடுக்க வந்த பெண் பச்சைக் கூடையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். "இந்த வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்களா?" என்றாள். நீலக் கூடை சிரித்த சிரிப்பில் ஒரு எலும்பு கீழே விழுந்தது.

சமையலறைக்குத் திரும்பியதும் பச்சைக் கூடை பொருமியது.

"மகா கஞ்சம். இவளை மாதிரி ஒருத்தியைப் பார்த்ததே இல்லை."

சுவரில் பதித்த ஓடுகளின் மேல் ஒரு பால் கவர் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. பல முறை கழுவிக் காயவைக்கப்பட்ட பழைய கவர். கொத்தமல்லி, துருவிய தேங்காய், ஊசி நூல் என்று பலதையும் சுமந்திருந்தது.

"யார் சொன்னா, கஞ்சம்னு?" என்றது அது.

"நீலம் சொன்னான்."

"அவனுக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு அவருக்கு ரெண்டு இட்லியை எனக்குள்ளதான் மடிச்சுக் கொண்டுபோனா. டாக்டர் பேசினதை நான் கேட்டேன்."

"என்ன பேசினார்?"

"இதயத்துல ஒரு வால்வு சரியில்லையாம். ஆபரேஷன் பண்ணியே ஆகணுமாம். இவங்க கையில அவ்வளவு பணம் இல்ல. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் அவ முதல்ல செஞ்சது என்ன, சொல்லு?"

கூடைக்கு நினைவு வந்தது. அன்று காலிஃப்ளவர் தண்டுகள் அதன் வாய்வரை வந்தன. பெடலை மிதித்த கால் அப்படியே நின்றது. பிறகு தண்டுகள் திரும்பிப்போய்க் குழம்பில் விழுந்தன.

"உன் வாய்க்கு வராததெல்லாம் அவர் நெஞ்சுக்குப் போகுது. நீ என்னடான்னா பசி பசிங்கற" என்றது பால் கவர்.

கூடை அதன்பிறகு புலம்பவில்லை. மறுநாள் வாசலில் நீலக் கூடை வழக்கம்போல், "விரதமா?" என்றது.

"ஆமா" என்றது பச்சை.

"யாருக்காக?"

"எங்க வீட்டுக்காரருக்காக."

"அடேங்கப்பா! தாலி எங்கய்யா?"

பச்சைக் கூடைக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்குக் காலியாக இருந்ததில் அதற்கு ஒரு நிமிர்வு இருந்தது.

குணசீலன் சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். ஆரஞ்சுத் தோல் குழம்பைத் தொட்டுப் பார்த்து, "தமயந்தி, அடுத்த தடவை பழத்தைக் கடைக்காரனுக்கே குடுத்துட்டுத் தோலை மட்டும் வாங்கிட்டு வரேன். இன்னும் மிச்சமாகும்" என்றார்.

"வாயைப் பாரு. பேசாம சாப்பிடுங்க."

"நேத்து இட்லியா இருந்தது, காலையில உப்புமா ஆச்சு. ராத்திரிக்கு என்ன அவதாரம்?"

"ஆபரேஷன் முடியட்டும். இலை நிறையப் போடறேன். மிச்சம் வெச்சாலும் கேக்கமாட்டேன்."

மிச்சம் என்ற சொல்லைக் கேட்டுக் கூடை மூடிக்குள் எச்சில் ஊறியது. உடனே அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஒருவழியாகப் பணம் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். வருகிற வியாழக்கிழமை. பால் கவர் அந்தச் செய்தியை மிக்சிக்குச் சொல்ல, மிக்சி எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை தமயந்தி பீர்க்கங்காயைக் கூட்டு வைத்தாள். தோலை வதக்கித் துவையல் அரைத்தாள். சாதம் வடித்து மூடினாள். "வாங்க, தட்டு வெச்சாச்சு" என்று கூப்பிட்டாள்.

கூடத்தில் நாற்காலி ஒன்று சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.

பிறகு சமையலறைக்குள் யாரும் வரவில்லை. கதவு திறந்தது. ரேணுகாவின் குரல். பலருடைய கால்கள். ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனைவரை போய்த் தேய்ந்தது. சாதம் ஆறியது.

"என்ன ஆச்சு?" என்று கூடை கேட்டது. பால் கவருக்குத் தெரியவில்லை. "வியாழக்கிழமைதானே? இன்னிக்குத் திங்கள்தானே?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது.

மாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் இல்லாமல் திரும்பி வந்தது.

வீடு முழுக்க ஆட்கள். தமயந்தி அழவில்லை என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். சொந்தக்காரப் பெண்மணி ஒருத்தி சமையலறையை எட்டிப் பார்த்தாள். "சாவு விழுந்த வீட்டுல சமைச்சது இருக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் கொட்டிடுங்க" என்றாள்.

ரேணுகா சாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து பெடலை மிதித்தாள்.

கூடை மூடியை இறுக்கிக்கொண்டது. அதற்கு முன் அது ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

"சனியன், மாட்டிக்கிச்சு போல" என்று முணுமுணுத்து ரேணுகா ஓங்கி மிதித்தாள். மூடி திறந்துகொண்டது. சாதம் விழுந்தது. கூட்டு விழுந்தது. ஒரு கைகூடப் படாத சோறு. அதன் கனத்தில் கூடை ஒரு பக்கம் சாய்ந்தது.

ரேணுகா துவையல் கிண்ணத்தை எடுத்தபோது தமயந்தி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரேணு, அதைக் கொட்டிடாதே" என்றாள், வழக்கமான குரலில். "ராத்திரி அவருக்குத் தோசைக்கு ஆகும்."

ரேணுகாவின் கால் பெடலிலேயே இருந்தது. கூடையால் வாயை மூட முடியவில்லை.