கூண்டைத் தின்ற கறுப்பு

ராஜா இல்லாத கதை சொல்ல எனக்கும் ஆசைதான். ராஜாக்கள் விட்டால்தானே! இதிலும் ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். வெகு காலத்துக்கு முன்னே, பாரசீக தேசத்தில், மலைகளுக்கு நடுவே ஓர் ஆற்றங்கரை நகரத்தை அவன் ஆண்டான். பெயர் பஹ்ராத். தலை சிறியது, கிரீடம் பெரியது. அதற்கு மேல் அவனைப் புகழ எனக்கு வாய் வரவில்லை, மன்னியுங்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. நல்ல ராஜாவாக இருந்தால் களஞ்சியத்தைத் திறந்திருப்பான். இவன் என்ன செய்தான் தெரியுமா? ஊரார் விதைக்கென்று வைத்திருந்த கோதுமையையும் பார்லியையும் எள்ளையும் மூட்டை கட்டித் தூக்கிப்போய்ப் பூட்டினான். "விதை என்னிடம் இருந்தால் வயிறு என்னிடம் இருக்கும். வயிறு என்னிடம் இருந்தால் வாயும் என்னிடம் இருக்கும்" என்றான். பாருங்கள் புத்தியை!

அந்த ஊரில் மஹ்யார் என்று ஒரு சித்திரக்காரன் இருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பாலத்துச் சுவரில் ஒரு பறவையை வரைந்தான், அவ்வளவுதான். நாயின் முகம், சிங்கத்தின் நகம், மயிலின் வால். பாரசீகத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், அது சீமுர்க் என்று.

உங்களுக்குத் தெரியாதா? சரி, சொல்கிறேன். கடல் நடுவே ஒரு மரம் இருக்கிறதாம். உலகத்து விதையெல்லாம் காய்ப்பது அந்த ஒரே மரத்தில்தானாம். அதில் கூடு கட்டியிருப்பது சீமுர்க். அது சிறகை விரித்து எழுந்தால் கிளை குலுங்கும், விதை உதிரும், மழையோடு கலந்து ஊர் ஊராக விழும். விதையைப் பூட்டி வைத்த ராஜாவின் ஊரில், சிறகு விரித்த சீமுர்க்கை வரைந்தால் என்ன அர்த்தம்? ஊராருக்குப் புரிந்தது. ராஜாவுக்கும் புரிந்தது.

அவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். குயவர்கள் பானையில் சீமுர்க்கை வரைந்தார்கள். பானையை உடைத்தான். ரொட்டி சுடுகிறவர்கள் ரொட்டியில் சீமுர்க் அச்சைக் குத்தினார்கள். ரொட்டியைப் பிடுங்கினான். பிடுங்கிய ரொட்டியைக் காவலர்களே தின்றுவிட்டார்கள், அவர்களுக்கும் பசிதானே! கடைசியில் கோபம் தலைக்கேறி மஹ்யாரைப் பிடித்துக் கோட்டைக்கு அடியில் இருட்டறையில் போட்டான். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

மஹ்யாருக்கு ஒரு தங்கை. பெயர் பரீசா. நூலுக்குச் சாயம் போடுவது அவள் தொழில். அவள் கையை முழங்கை வரை யாரும் சொந்த நிறத்தில் பார்த்ததில்லை. இன்றைக்கு அவுரி நீலம், நாளைக்கு மஞ்சிட்டிச் சிவப்பு. தாயும் தகப்பனும் போன பிறகு அவளை வளர்த்தது அண்ணன்தான். அவனுக்கோ சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி. ஈரம் சொட்டுகிற அறையில் எத்தனை மாதம் தாங்குவான்? அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் நாள் அரண்மனை வாசலுக்குப் போனாள். துரத்தினார்கள். இரண்டாம் நாள் போனாள். துரத்தினார்கள். மூன்றாம் நாள் ராஜாவே கூப்பிட்டனுப்பினான். அவனுக்கு ஒரு யோசனை முளைத்திருந்தது.

"சாயக்காரி, எனக்கு ஒரு பெரிய கம்பளம் வேண்டும். அதில் உங்கள் சீமுர்க் இருக்க வேண்டும். கூண்டுக்குள்! பறவை தத்ரூபமாக இருக்கட்டும், ஊரார் பார்த்ததும் அடையாளம் கண்டு அழ வேண்டும். கூண்டுக் கம்பி மட்டும் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். நெய்ய என் தறிக்காரிகள் இருக்கிறார்கள். சாயம் உன்னுடையது."

மறுக்க முடியுமா? அண்ணன் கழுத்து அவன் கையில் இருக்கிறதே. சரியென்று தலையாட்டினாள்.

பறவைக்கு வேண்டிய நூலுக்குத் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சாயத்தை எடுத்தாள். மஞ்சிட்டியில் மூன்று முக்கு, அவுரியில் மூன்று முக்கு, குங்குமப்பூவில் மூன்று முக்கு. படிகாரத்தில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி பக்குவமாகச் செய்தாள். பிறகு கம்பிக்குக் கறுப்பு. மாதுளைத் தோலைக் கொதிக்க வைத்து, அதில் இரும்புத் துருவைப் போட்டால் கறுப்பு வரும். நூலை நனைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

ராஜா பார்த்தான். "இது ஒரு கறுப்பா? இன்னும் கறுப்பு வேண்டும்!"

அந்த ஊர்ச் சாயக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாயத்தில் குறை இருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் நூலைக் கையில் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தவர் பிறகு சாய அடுப்பு மூட்டக் கூடாது. வாங்குகிறவன் எதிரியானாலும் இதுதான் நியாயம். அதனால் பரீசா சொன்னாள்: "இன்னும் கறுப்பு வேண்டுமானால் இன்னும் இரும்பு போட வேண்டும், அரசே. இரும்பு அதிகமானால் நூலைத் தின்றுவிடும்."

"நீ எனக்குப் பாடம் நடத்தாதே. போடு இரும்பை!"

இரண்டாம் முறை இரும்பைக் கூட்டிப் போட்டுக் கொண்டுபோனாள். அவனுக்குப் போதவில்லை. "இன்னும் கறுப்பு!" என்றான். அவள் மறுபடியும் சொன்னாள். அவன் மறுபடியும் அதட்டினான்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மூலையில் அப்பாவின் பழைய சேணப்பை கிடந்தது, கழுதை முதுகில் போடுகிற கம்பளப் பை. முகத்தைத் துடைக்க அதை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பையில் இருந்த சிவப்புப் பூவெல்லாம் நேற்று நெய்தது போல இருந்தது. கறுப்புப் பூ இருந்த இடமெல்லாம் உதிர்ந்து, அடியில் நெடுக்காக ஓடும், சாயம் படாத வெள்ளைப் பாவு நூல் தெரிந்தது. அடடா! இத்தனை வருஷம் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. அழுகை நின்றுபோயிற்று.

மூன்றாம் முறை அவள் சட்டியில் போட்ட இரும்பைப் பார்த்தால் கொல்லனே பயப்படுவான். நூல் காக்காய்க்கு அண்ணன் மாதிரி கறுத்தது. ராஜா கைதட்டினான். "இதுதான் கறுப்பு!"

இப்போது பரீசா நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். சபை கேட்க, உரக்கச் சொன்னாள்: "அரசே, மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். இது நல்ல சாயம் அல்ல. இந்தக் கறுப்பு தன் நூலைத் தானே தின்றுவிடும். கம்பி நிற்காது."

"என் கம்பி நிற்காதா? நான் நிறுத்துகிறேன் பார்!" என்று அவன் சிரித்தான். மந்திரியும் சிரித்தான். ராஜா சிரித்தால் மந்திரி சிரிக்காமல் இருப்பானா?

"ஒரே ஒரு கேள்வி, அரசே. என் அண்ணன் எப்போது வெளியே வருவான்?"

"இந்தக் கம்பளத்தில் சீமுர்க் கம்பிக்குப் பின்னால் இருக்கும் வரை உன் அண்ணனும் கம்பிக்குப் பின்னால்தான். அது என்று வெளியே வருகிறதோ அன்று அவனும் வரட்டும்!"

"மித்ரன் மேல் ஆணையாகச் சொல்லுங்கள்."

மித்ரன் என்றால் வாக்கைக் காக்கும் தெய்வம். ஆயிரம் காது, பத்தாயிரம் கண். அவன் பேரைச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டுத் தவறினால், ராஜாவின் தலையில் இருக்கும் ராஜ ஒளி பருந்தாக மாறிப் பறந்துபோய்விடும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. ஒளி போன ராஜா வெறும் ஆள்தான். பஹ்ராத் யோசித்தானா? இல்லை. சூரியனைப் பார்த்து ஒரு தடவை, நெருப்பைப் பார்த்து ஒரு தடவை, தண்ணீரைத் தொட்டு ஒரு தடவை ஆணையிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கம்பளம் தயாரானது. ராஜா அதை எங்கே போட்டான் என்று நினைக்கிறீர்கள்? தரையில் போடவில்லை. சபையில், சுவரில் உயரத் தொங்கவிட்டான்!

பரீசாவுக்குப் பூமி நழுவியது. சுவரில் தொங்குகிற கம்பளத்தில் கால் படாது, தேயாது. நூறு வருஷமானாலும் அந்தக் கம்பி அப்படியே இருக்கும். "ஐயோ, என் வாயாலேயே அண்ணனுக்கு ஆயுள் சிறை வாங்கிக் கொடுத்துவிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தினமும் கோட்டைச் சுவரோரம் போய் நிற்பாள். அடியிலிருந்து இருமல் சத்தம் கேட்கும். கேட்டால் வயிறு எரியும். கேட்காவிட்டால் இன்னும் எரியும்.

ஆனால் பாருங்கள், நல்ல சாயம் சும்மா இருக்காது.

சீனத்திலிருந்து ஒரு பட்டு வியாபாரி வந்தான். சுவரைப் பார்த்து, "ஆகா, என்ன பறவை!" என்றான். ராஜாவுக்கு முகம் சுருங்கியது. பக்கத்து நாட்டுத் தூதன் வந்தான். "ஆகா, என்ன பறவை! இப்போதே பறந்துவிடும் போல இருக்கிறதே!" என்றான். ராஜாவுக்குக் காது சிவந்தது. கடைசியில் பட்டத்து ராணியே, சபை விருந்துக்கு வந்தவள், தட்டை மறந்து சுவரைப் பார்த்தபடி, "என்ன அழகான பறவை!" என்றாள்.

"கூண்டு! கூண்டைப் பார்க்க ஒருவருக்கும் கண் இல்லையா?" என்று ராஜா கத்தினான். கம்பளத்தைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு, அதன் மேல் ஏறிக் குதித்தான். "இன்று முதல் இது கால்மிதி! சபைக்கு வருகிற ஒவ்வொருவனும் இதில் செருப்பைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்!"

செய்தி சந்தைக்கு வந்தபோது ஊரார் ஆத்திரப்பட்டார்கள். பரீசா மட்டும் அன்று இரண்டு ரொட்டி அதிகமாகத் தின்றாள்.

மந்திரி தேய்த்தான், தளபதி தேய்த்தான், குதிரை லாயக்காரன் தேய்த்தான். புழுதியும் மணலும் நூலுக்குள் இறங்கின. எல்லோரையும் விட அதிகமாக மிதித்தவன் ராஜாதான். உள்ளே இரும்பு தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

வசந்தம் வந்தது. புத்தாண்டுக்கு முன்னால் அந்த நாட்டில் வீட்டை உதறிக் கழுவி, எல்லாக் கம்பளத்தையும் ஆற்றில் அலசியாக வேண்டும். குடிசையானாலும் அரண்மனையானாலும் இதுதான் வழக்கம். ராஜாவின் கம்பளத்தையும் எட்டுப் பேர் சுமந்து வந்தார்கள். பின்னாலேயே ராஜாவும் மந்திரியோடு வந்தான். ஊரே கரையில் நின்றது. கூண்டுப் பறவையை எல்லோரும் பார்த்து வாடட்டும் என்று அவனுக்கு ஆசை.

துவைக்கிற பெண்கள் கம்பளத்தைத் தண்ணீரில் விரித்து, கட்டையால் அடித்தார்கள். முதல் அலசலில் புழுதி போயிற்று. இரண்டாம் அலசலில் கறுப்பு, துகள் துகளாகத் தண்ணீரில் மிதந்தது. மூன்றாம் அலசல் முடிந்து கரையில் தூக்கி விரித்தார்கள்.

"ஐயையோ, கம்பியைக் காணோம்!" என்று ஒருத்தி கத்தினாள்.

ஆமாம், காணோம்! சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சீமுர்க் நின்றது. கம்பி இருந்த இடத்தில் வெள்ளைப் பாவு நூல் மட்டும் வெயிலில் மின்னியது.

"கோடு இருக்கிறது! கம்பி இருக்கிறது!" என்று ராஜா குதித்தான்.

"கம்பியா? அது வெயில்!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, கரை முழுக்கச் சிரிப்பு.

"ஏமாற்றுக்காரி! நீ சூது செய்தாய்!"

பரீசா முன்னால் வந்தாள். "மூன்று முறை சொன்னேன், அரசே. இரும்பு கேட்டது நீங்கள். மிதித்ததும் நீங்கள். உங்கள் மந்திரியையே கேளுங்கள்."

எல்லோரும் மந்திரியைப் பார்த்தார்கள். அவன் ஆற்றைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தபடி, "சொன்னாள், அரசே. நான்தான் சிரித்தேனே" என்றான்.

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. மீனுக்கு வந்த பருந்துதான். அது ராஜாவுக்குத் தெரியுமா? போச்சு, நம் ஒளிதான் கிளம்பிவிட்டது என்று நினைத்து, இரண்டு கையாலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு அலறினான்: "திறந்து விடுங்கள்! அவனைத் திறந்து விடுங்கள்!"

ஒரு நாழிகையில் மஹ்யாரைக் கூட்டி வந்தார்கள். எலும்பும் தோலுமாக, வெயிலுக்குக் கண் கூசியபடி, இருமிக்கொண்டே வந்தான். ஆனால் வந்தான். கம்பளத்தின் அருகே நின்று அதை மேலும் கீழும் பார்த்தான்.

"வால் கொஞ்சம் குட்டையாகப் போயிற்றே, தங்கச்சி."

"அடப் பாவி அண்ணா!" என்று பரீசா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அவள் கையில் இருந்த நீலச் சாயம் அவன் சட்டை முழுக்க ஒட்டிக்கொண்டது.

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஊரார் எழவில்லையே! அவர்கள் காலிச் சாக்குகளை எடுத்துக்கொண்டு நேராகக் களஞ்சிய வாசலுக்குப் போனார்கள். "சீமுர்க் எழுந்துவிட்டது, அரசே! விதை உதிர வேண்டாமா?" என்று கேட்டார்கள். பருந்து இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. கிரீடத்திலிருந்து கையை எடுக்காமலே ராஜா தலையாட்டினான். கோதுமையும் பார்லியும் எள்ளும் அந்தந்த வீட்டுக்குப் போயின. அந்த வருஷம் மழையும் பெய்தது, வயல்கள் பச்சை பிடித்தன.

கேட்டவர்கள் கேட்டதை மறக்க வேண்டாம்: உண்மை சொல்கிறவரை அதட்டிவிட்டு எவன் கூண்டை மேலும் மேலும் இறுக்குகிறானோ, அவன் கூண்டை அவன் போட்ட இரும்பே தின்றுவிடும்.